தொலையாமல் தொலைந்த பத்தாயிரம்

அம்பராவா சந்தையின் கிழக்கு வாசலில் பொத்தான், நூல், ஜிப், எலாஸ்டிக் விற்கும் முர்தினிக்கு ஐம்பத்திரண்டு வயது. கடை என்பது கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் நாற்பத்தாறு டப்பாக்கள். வெள்ளைச் சட்டைப் பொத்தானை ஒரு பிடி அள்ளினால் அறுபத்திரண்டு இருக்கும் என்பது அவளுடைய கைக்குத் தெரியும். இருந்தாலும் எண்ணித்தான் கொடுப்பாள். ஒன்று கூடினால் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒன்று குறைந்தால், வாங்கியவர் வாசலைத் தாண்டிப் போயிருந்தாலும் கூப்பிட்டுக் கொடுப்பாள்.

ஆறாம் வகுப்போடு அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனாலும் அவளுடைய சந்தில் பதினான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் அரிசான் சீட்டின் பணம் பதினோரு வருஷமாக அவளிடம்தான் இருந்தது. மாதம் ஒரு வியாழக்கிழமை எல்லோரும் கூடி, ஆளுக்கு நூறு போட்டு, தம்ளரில் பெயர்ச்சீட்டைக் குலுக்கி, விழுந்த பெயருக்கு மொத்தத்தையும் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊரில் யாரும் ஆயிரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. நூறு என்றால் நூறாயிரம் ரூப்பியா, பத்து என்றால் பத்தாயிரம். பொதுச் செலவுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை தனியாகச் சேரும்; அந்தப் பணம் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் இருந்தது. கணக்கு பென்சிலால் எழுதிய நோட்டில் இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு சில்லறை நாணயம்கூட இடம் மாறியதில்லை. அந்தப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்கும்போது முர்தினியின் நடையே வேறாக இருக்கும்.

அவளுடைய தங்கை ரெத்னோ ஒன்பது வயது இளையவள், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். "நான் படிப்பை விட்டதாலதான் அவ படிச்சா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் முர்தினி பெருமையாகச் சொல்லுவாள். ரயில் பட்டறையில் அப்பாவின் கால் நசுங்கி முர்தினி பள்ளியை விட்டபோது ரெத்னோவுக்கு வயது மூன்று என்பதை அவள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னால் ரெத்னோவின் புத்தகம், செருப்பு, கல்லூரி விடுதிக் கட்டணம் எல்லாம் பொத்தான் பணத்தில்தான் போயின என்பது மட்டும் நிஜம். பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டியவளும் முர்தினிதான். அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, 'இந்தக் கறுப்பு அங்கி எனக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்திருக்கும்' என்று நினைத்தவளும் அவள்தான்.

ரெத்னோ செமாராங் நகரில் இருந்தவரை இந்தப் பெருமை சுகமாக இருந்தது. மாற்றல் வாங்கி அதே சந்தில் நாலாவது வீட்டுக்கு அவள் குடிவந்த பிறகு சுகம் போய்விட்டது. இரண்டே மாதத்தில் ஊரெல்லாம் "இபு குரு, இபு குரு" என்று, டீச்சரம்மா என்கிற அர்த்தத்தில், அவளைத்தான் தேடியது. மின்கட்டணச் சீட்டு புரியவில்லையா, இபு குரு. பையனுக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமா, இபு குரு. அரிசானுக்குப் போனால் மூடி போட்ட தேநீர் தம்ளர் ரெத்னோவுக்கு, மூடியில்லாதது முர்தினிக்கு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முர்தினி கவனித்தாள், அவ்வளவுதான். ரெத்னோ வந்த பிறகு நடந்த மூன்று கூட்டத்திலும் கவனித்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், அரிசானுக்குத் தலைவியான இபு ஹர்ஜோ அவளுடைய கடைக்கு வந்தார். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற மாதிரியே பேசுவார், சட்டென்று.

"முர், பதினோரு வருஷம் சுமந்துட்ட. இனிமே பெட்டியை உன் தங்கச்சிகிட்ட கொடுத்துடலாமேம்மா. அவ போன்லயே கணக்கு வச்சுக்குவா. யாரு கட்டினா, யாரு கட்டலைன்னு எல்லாருக்கும் தகவல் போயிடும். வர்ற வியாழக்கிழமை எல்லார்கிட்டயும் கேட்டுடுவோம், என்ன சொல்ற?"

"தாராளமா" என்றாள் முர்தினி. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைத் துடைத்தாள். அழுக்கே இல்லாத பெட்டியை அரைமணி நேரம் துடைத்தாள்.

கூட்டம் நடக்கவிருந்த வாரத்தின் திங்கட்கிழமைதான் விவகாரத்தின் விதை விழுந்தது. சந்தின் கடைசி வீட்டு மருமகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்த வீட்டுக்கு வேண்டப்பட்ட மூன்று பேர் சேர்ந்து ஒரு பரிசு வாங்கலாம் என்று ஆளுக்கு நூறு போட்டார்கள். ஒருத்தி இபு ஹர்ஜோ. இன்னொருத்தி வேர்க்கடலை வறுவல் போடும் பைனா. மூன்றாமவள் தன் வீட்டு வாசலில் காய்கறி விற்கும் குஸ்னி. குஸ்னிக்குக் காது மந்தமில்லை. கேட்க ஆசைப்பட்டது மட்டும்தான் உள்ளே போகும். இப்படிப்பட்ட பொருளெல்லாம் முன்பு முர்தினிதான் வாங்கி வருவாள். இந்தத் தடவை ஸ்கூட்டரில் போகிற ரெத்னோவிடம் முந்நூறும் போனது.

ரெத்னோ மெத்தையும் போர்வையும் சேர்ந்த ஒரு செட் வாங்கினாள். விலை முந்நூறு. கடைக்காரர் மகள் அவளிடம் படிக்கிறவள் என்பதால் இருநூற்றைம்பதுக்குக் கொடுத்து ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். அதில் இருபதுக்கு அட்டைப்பெட்டி, பளபளக் காகிதம், ரிப்பன் வாங்கிச் சுற்றினாள். மிச்சம் முப்பதை மூன்று பேருக்கும் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தாள். வேலை முடிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை குஸ்னி எலாஸ்டிக் வாங்க வந்தாள்.

"ஏ முர், உன் தங்கச்சி இருக்காளே, அவ கொடுத்து வச்சவடி. கடைக்காரன் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்பது குறைச்சுட்டானாம். நான் போயிருந்தா அஞ்சு குறைப்பானா? நாப்பத்தி மூணு வயசாம். அந்த முகத்தைப் பாரு, வாழைக்குருத்து மாதிரி."

"எலாஸ்டிக் எத்தனை மீட்டர்?"

"ரெண்டு. பெட்டியும் அவகிட்டதான் போவப் போவுதாமே? நல்லதுதான். படிச்சவ கையில இருந்தா நமக்கும் நிம்மதி."

முர்தினியின் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பதினோரு வருஷம் அப்போது இவளுக்கு நிம்மதி இல்லையா? இரண்டு மீட்டரை வெட்டினாள். வாய் தானாகத் திறந்தது.

"அவளுக்கென்ன? சூசுக் அவகிட்டதானே இருக்கு."

அந்த ஊர்ப் பேச்சில் சூசுக் என்றால் இரண்டு. மந்திரம் சொல்லி, கன்னத்திலோ நெற்றியிலோ தோலுக்கடியில் ஏற்றிக்கொள்ளும் மயிரிழைப் பொன் ஊசிக்குப் பெயர் சூசுக். அதை ஏற்றிக்கொண்டவளைப் பார்த்தவர்கள் எல்லாம் மயங்கிவிடுவார்கள் என்பார்கள். பொருள் வாங்கிய பிறகு கைக்குத் திரும்பும் மீதிக் காசுக்கும் பெயர் சூசுக்தான். முர்தினி சொன்னது ஊசியை. பையின் அடியில் துழாவிக்கொண்டிருந்த குஸ்னியின் காதில் விழுந்தது காசு.

"அவகிட்டயா?" என்றாள் குஸ்னி, தலை நிமிராமல்.

"வேற எங்க?" என்றாள் முர்தினி.

குஸ்னி வீட்டுக்குப் போய் யோசித்தாள். மீதிக் காசு ரெத்னோவிடமா? நமக்குத்தான் பத்து வந்ததே? சுரைக்காய்க்குத் தண்ணீர் தெளித்தபடி கணக்குப் போட்டாள். ஆளுக்கு நூறு கொடுத்துப் பத்துத் திரும்ப வந்தால், ஆளுக்குச் செலவு தொண்ணூறு. மூன்று பேருக்கு இருநூற்று எழுபது. காகிதம், ரிப்பனுக்கு இருபது. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு. கொடுத்ததோ முந்நூறு. பத்து எங்கே?

மறுபடி போட்டாள். மறுபடியும் பத்தைக் காணவில்லை. முர் சொன்னது சரிதான்.

வியாழக்கிழமை பிற்பகல் இபு ஹர்ஜோவின் வீட்டில் கூட்டம். வாழைப்பழப் பஜ்ஜி, வறுவல், தேநீர். சீட்டுக் குலுக்கியாயிற்று, பைனாவின் பெயர் விழுந்தது. இபு ஹர்ஜோ பெட்டி விஷயத்தைத் தொடங்க வாயெடுத்தபோது குஸ்னி கையைத் தூக்கினாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க இபு குரு. அந்தப் பரிசு வாங்கின கணக்கு எனக்கு உதைக்குது."

அவள் தன் கணக்கைச் சொன்னாள். சுற்றியிருந்த பெண்கள் விரலை மடக்கினார்கள். இரண்டு பேர் போனை எடுத்துத் தட்டினார்கள். இருநூற்று எழுபது, கூட்டல் இருபது. திரையில் இருநூற்றுத் தொண்ணூறு நின்றது. போன் சொன்ன பிறகு பேச்சேது?

ரெத்னோ சிரித்துவிட்டாள். அங்கேதான் அவள் தப்புச் செய்தாள்.

"ஐயோ, குஸ்னி அக்கா, இது பழைய புதிர். எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு வருஷா வருஷம் நான் கொடுக்கறேன். எதுவும் காணாம போகலை. இருநூத்தி எழுபதோட இருபதைக் கூட்டக் கூடாது, கழிக்கணும்."

"கழிக்கணுமா? செலவு பண்ணின காசை எதுக்குக் கழிக்கணும்?"

"ஏன்னா, ஒரு பக்கம் நீங்க கொடுத்தது, இன்னொரு பக்கம் அது போன இடம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். நீங்க அந்தப் பக்கத்துல இருக்கறதை எடுத்து இந்தப் பக்கத்துல சேர்க்கறீங்க..."

"எந்தப் பக்கம்?" என்றாள் பைனா. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

ரெத்னோ காகிதம் கேட்டு வாங்கி நடுவில் கோடு கிழித்தாள். வகுப்பில் பேசுகிற மாதிரி கொஞ்சம் வேகமாகப் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருத்திக்கும் புரியவில்லை. புரியாதபோது படித்தவர் பேச்சு வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கும்.

"கணக்கு டீச்சருக்குக் கணக்கைத் திருப்பறதுக்கா தெரியாது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் சும்மா சொல்லலைங்க" என்றாள் குஸ்னி கூரையைப் பார்த்தபடி. "சூசுக் அவகிட்டதான் இருக்குன்னு அவங்க வீட்டு ஆளே சொன்னது."

சொன்னது யார், கேட்டது எப்படி என்று அந்த ஒரு நொடியிலேயே முர்தினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரெத்னோ திரும்பி அக்காவைப் பார்த்தாள். முர்தினி தகரப்பெட்டியின் மூடியை அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது சரியாகத்தான் மூடியிருந்தது.

ஒரு வார்த்தை போதும்: "நான் சொன்னது காசை இல்லை." அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. பிறந்ததிலிருந்து எந்தக் கணக்கிலும் தப்பாதவள் ரெத்னோ. இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவளுடைய கணக்கு உதைக்கிறது. அந்தப் பத்தைத் தேடி முர்தினியும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள், அவளுக்கும் கிடைக்கவில்லை. எடுத்திருப்பாளோ? பெட்ரோலுக்கு இருக்குமோ? இருக்கும், ஏன் இருக்கக் கூடாது? அந்த நினைப்பு வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாக இருந்தது. அவள் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

"பத்துதானே, போனாப் போவுது. கொடுத்துட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள் யாரோ.

"கொடுத்தா எடுத்தேன்னு அர்த்தம்" என்றாள் ரெத்னோ. எழுந்தாள். மூடி போட்ட தம்ளரில் தேநீர் அப்படியே இருந்தது.

பெட்டி இப்போதைக்கு முர்தினியிடமே இருக்கட்டும் என்று இபு ஹர்ஜோ முடித்துவிட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. முர்தினி தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டாள். நாலாவது வீட்டைக் கடக்கும்போது வேகமாக நடந்தாள். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அவ்வப்போது மட்டும் அந்தப் பத்து வந்து பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. எடுத்தாள் என்றே வைத்தாலும், எப்போது எடுத்தாள்? கடைக்காரர் கொடுத்த ஐம்பதில் இருபது காகிதம், முப்பது இவர்கள் கைக்கு. ஐம்பதும் சரியாகத் தீர்ந்துபோகிறதே?

திங்கட்கிழமை சாரணர் சீருடைக்குப் பொத்தான் வாங்க ஒரு பெண் வந்தாள். சந்துக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி.

"பத்து பொத்தான் கொடுங்கம்மா. பையன் ஸ்கூல்ல சுற்றுலா போறாங்க. பணத்தை இபு ரெத்னோகிட்ட கட்டணுமாம். நான் கட்டலை, வேற டீச்சர்கிட்ட கட்டறேன்னு சொல்லிட்டேன். இன்னும் மூணு பேர் அப்படித்தான் சொல்லிட்டாங்க. அந்தம்மா கை அப்படி இப்படியாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு!" முர்தினியின் குரலுக்குப் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "அவ என் தங்கச்சி தெரியுமா? வழியில கெடந்த பொத்தானைக்கூட எடுத்துட்டு வந்து என் டப்பாவுல போடறவ. அவ கையைப் பத்தி நீ பேசறியா?"

அந்தப் பெண் பொத்தான் வாங்காமலே போய்விட்டாள். ரெத்னோவைத் திட்டும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இப்போது அது தெருவுக்கெல்லாம் போய்விட்டது. கதவைத் திறந்துவிட்டதே அவள்தான்.

பலகையைத் துடைத்தாள். வெள்ளைப் பொத்தான் முப்பது எண்ணி வைத்தாள்; ஒரு பொத்தான் ஒரு பத்து. மூன்று டப்பா மூடிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றிலும் பத்து வைத்தாள். இது இபு ஹர்ஜோ, இது பைனா, இது குஸ்னி. ரெத்னோ செய்தது போலவே நகர்த்தினாள். முப்பதும் கடைக்காரருக்குப் போனது. ஐந்து திரும்பி வந்தது. இரண்டு காகிதக் கடைக்கு. மூன்றை ஒவ்வொரு மூடியிலும் ஒன்றாகப் போட்டாள். இப்போது கண்ணால் தேடினாள். கடைக்காரரிடம் இருபத்தைந்து. காகிதக் கடையில் இரண்டு. மூடிகளில் மூன்று. முப்பது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அப்படியென்றால் குஸ்னியின் இருபத்தொன்பது எங்கிருந்து வந்தது?

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தி வைத்தாள். மூன்று பேர் கையை விட்டுப் போனது இருபத்தேழு. சரி. அந்த இருபத்தேழு எங்கே உட்கார்ந்திருக்கிறது? கடையில் இருபத்தைந்து, காகிதத்தில் இரண்டு. காகிதத்தின் இரண்டு அந்த இருபத்தேழுக்குள்ளேயே இருக்கிறது! குஸ்னி அதை உள்ளிருந்து எடுத்து மறுபடி மேலே வைத்திருக்கிறாள். மேலே வைக்க வேண்டியது மூடியில் கிடக்கும் மூன்று. அதை யாருமே பார்க்கவில்லை. அது அவரவர் பைக்குள் போய்விட்டது.

முர்தினிக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். படித்தவள் காகிதத்தில் கோடு கிழித்துக் காட்ட முடியாததைத் தான் பொத்தானில் காட்டிவிட்ட மகிழ்ச்சி. அது அடங்கிய பிறகுதான் மற்றது வந்தது. அப்படியென்றால் ரெத்னோ எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், நாம் பெட்டிமூடியை அழுத்திக்கொண்டிருந்தோம்.

கடையைப் பாதியில் மூடிவிட்டு இபு ஹர்ஜோவின் வீட்டுக்குப் போனாள்.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்காது இபு. நாளன்னிக்கே எல்லாரையும் கூப்பிடுங்க. ரெத்னோவையும். நான் கூப்பிட்டா அவ வரமாட்டா."

புதன்கிழமை பதினான்கு பேரும் வந்தார்கள். ரெத்னோ வாசல் பக்கமாகச் சுவரோரம் உட்கார்ந்தாள், பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. முர்தினி பாயின் நடுவில் மூடிகளை வைத்துப் பொத்தான்களைப் பரப்பினாள். பேசிப் பழக்கமில்லாததால் முதலில் கை மட்டும்தான் வேலை செய்தது. பொத்தான் நகர நகர வாய் பின்னாலேயே வந்தது.

"குஸ்னி, நீ வா, நீயே எண்ணு."

குஸ்னி எண்ணினாள். முப்பதும் இருந்தது. மறுபடி எண்ணினாள்.

"இருக்குதான். ஆனா என் கணக்குல வரலையே?"

"பூசணிக்காயை நிறுக்கற. அஞ்சு கிலோ. அப்புறம் அதை அறுத்து, விதையை எடுத்து, விதையைத் தனியா நிறுத்து, அஞ்சு கிலோவோட கூட்டி விலை சொல்லுவியா?"

"நான் என்ன கொள்ளைக்காரியா?"

"நீ அதைத்தான் செஞ்சிருக்க. இருநூத்தி எழுபது பூசணிக்காய். இருபது அதுக்குள்ள இருக்கற விதை."

சிலர் சிரித்தார்கள். பைனா மெதுவாக, "ஆனா அந்தப் பத்து கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே" என்றாள்.

"அதான் ஏமாத்தறது. கடைக்காரனுக்குக் கிறுக்குப் பிடிச்சு நூறுக்கே கொடுத்துட்டான்னு வை." முர்தினி பொத்தான்களைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கடைக்குப் பத்து, காகிதத்துக்கு இரண்டு, மூடிக்கு ஆறாறு. "இப்ப குஸ்னி கணக்கைப் போடு. ஆளுக்கு நாலு செலவு. மூணு பேருக்குப் பன்னெண்டு. காகிதம் ரெண்டு. பதினாலு. மிச்சம் பதினாறு எங்கேன்னு கேப்பியா?"

"எதுக்குக் கேக்கணும்? எங்க கையில பதினெட்டு இருக்கே!"

"கேக்க மாட்ட இல்ல? பதினாலுக்கும் முப்பதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு பார்த்ததுமே தெரியுது. அன்னிக்கு இருபத்தொம்பது வந்து முப்பதுக்குப் பக்கத்துல நின்னுக்கிச்சு. பக்கத்துல நின்னதும் ஒண்ணு குறையுதுன்னு நெனைச்சுட்டோம். கூட்டவே கூடாத ரெண்டைக் கூட்டினா எது வேணாலும் வரும்."

ஒவ்வொருத்தியாக "அட", "ஆமா" என்றார்கள். மூலையில் இருந்தவர்கள் தவழ்ந்து வந்து பொத்தானைத் தாங்களே நகர்த்திப் பார்த்தார்கள். முர்தினிக்குக் காது மடல் சூடேறியது. இப்படி எல்லோரும் தன் கையைப் பார்த்து அவள் கண்டதில்லை. இதோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"பொத்தானெல்லாம் சரி" என்றாள் குஸ்னி. "அப்ப நீ ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்ன? நானா கிளப்பலையே. சூசுக் அவகிட்ட இருக்குன்னு உன் வாயால சொன்னியா இல்லையா?"

சுவரோரம் ரெத்னோ நிமிர்ந்தாள்.

விளையாட்டாகச் சொன்னேன் என்று சொல்லலாம். முப்பதை உங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது தெரியாமல் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். பொருந்தும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முர்தினி ஒரு பொத்தானை எடுத்து அதன் நாலு ஓட்டையையும் பார்த்தாள்.

"நான் சொன்னது காசை இல்ல. ஊசியை."

"எந்த ஊசி?"

"முகத்துல ஏத்திக்கறாங்களே, அந்த ஊசி. மந்திர ஊசி. ஊரே அவளைப் பார்த்து மயங்குதே, கடைக்காரன் அம்பது குறைக்கறானே, நீங்க பெட்டியைத் தூக்கி அவகிட்ட கொடுக்கறீங்களே... வயிறு எரிஞ்சு சொன்னேன். நீ காசுன்னு எடுத்துக்கிட்டன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

பைனாவிடமிருந்து ஒரு விக்கல் மாதிரி கிளம்பியது, அது சிரிப்பு. அதோடு பதினோரு வாய்களும் திறந்துகொண்டன.

"எந்தக் கன்னம், முர்? இடமா, வலமா?"

"நான் தாதியா இருந்தப்ப எவ்வளவோ ஊசி போட்டிருக்கேன், இப்படி ஒண்ணை எனக்கு யாரும் போடலையே!" என்றார் இபு ஹர்ஜோ, கண்ணைத் துடைத்தபடி.

"எந்த மந்திரவாதின்னு கேட்டுச் சொல்லுடி, நானும் ஏத்திக்கறேன். சுரைக்காயாவது விக்கும்" என்றாள் குஸ்னி. சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் சுவர் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுடுங்க இபு குரு. பத்து பேர்கிட்ட சொன்னேன், பத்து பேர்கிட்டயும் நானே போய் மாத்திச் சொல்லிடறேன். ஸ்கூல் வாசல்ல நின்னு வேணாலும் சொல்றேன்" என்றாள்.

ரெத்னோ சிரிக்கவில்லை. அவள் கை மட்டும் மெதுவாக உயர்ந்து இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது.

முர்தினி தகரப்பெட்டியையும் நோட்டையும் பாயில் வைத்து முன்னால் தள்ளினாள். "பெட்டி அவகிட்டயே போகட்டும்" என்றாள். 'வேண்டாம், நீயே வச்சுக்கோ' என்று யாராவது சொல்வார்கள் என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. இபு ஹர்ஜோ பஜ்ஜித் தட்டைச் சுற்றுக்கு விட்டார். முர்தினி பெட்டியைத் திறந்து, எல்லோர் முன்னாலும் இரண்டு தடவை எண்ணி, நோட்டின் கடைசி வரியில் தங்கையின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் புறப்படும்போது பெட்டி இன்னொருத்தியின் இடுப்பில் இருந்தது. அதை அவள் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள், நாணயமெல்லாம் மூலைக்கு ஓடும்படி. நேராகப் பிடி என்று முர்தினி சொல்லவில்லை.

நாலாவது வீட்டு வாசல் வரை இருவரும் நடந்தார்கள். ரெத்னோ சாவியைத் தேடினாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அக்கா, நான் எடுத்திருப்பேன்னு நிஜமாவே நெனைச்சியா?"

"நெனைச்சேன்."

"எத்தனை நாள்?"

இல்லை என்று சொல்ல அப்போதும் இடமிருந்தது. "மூணு நாள்" என்றாள் முர்தினி. பிறகு விரலை மடக்கிப் பார்த்தாள். "இல்ல. வியாழக்கிழமையையும் சேர்த்தா நாலு."

ரெத்னோ கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் பேசவில்லை. சந்தில் எதிரே வந்தால் ஸ்கூட்டரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். முர்தினி போய்க் கெஞ்சவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் கிழக்கு வாசலில் வந்து நின்றது. ரெத்னோ இறங்கவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை.

"உன் நோட்டுல ‘பை’ன்னு ஒரு பேர் இருக்கு. அது பைனாவா, வேற யாராவதா?"

"பைனாதான். பென்சில் முனை உடைஞ்சுபோச்சு."

"முழுசா எழுதி வைக்கறதுக்கென்ன?"

"நீ உன் போன்ல முழுசா எழுதிக்கோ" என்றாள் முர்தினி.

ரெத்னோ போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்தபடி பக்கத்துக் கடைக்காரன், "உன் தங்கச்சிக்கு இந்த மஞ்சள் ஹெல்மெட் என்ன அழகா இருக்கு!" என்றான். முர்தினி ஒரு டப்பாவைத் திறந்து, எண்ணி முடித்திருந்த பொத்தானை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.